நான்கு பெண் குரல்கள், ஒரு பியானோ: ஷூபர்ட்டின் 23-ம் சங்கீதம் ஏன் ஸ்பெஷல்?

பைபிளில் 150 சங்கீதங்கள் இருக்கின்றன. அதில் 23-வது, சர்ச் பக்கம் போகாத பலருக்கும்கூட தெரியும். கடவுளை மேய்ப்பராகப் பார்க்கும் ஆறே வசனங்கள். இதற்கு இசையமைத்தவர்கள் ஏராளம். ஆனால், 1820 டிசம்பரில் வியன்னாவில் ஃபிரான்ஸ் ஷூபர்ட் எழுதிய வடிவத்தில் ஆர்கன் இல்லை, ஆண் குரலும் இல்லை. இரண்டு சோப்ரானோ, இரண்டு ஆல்டோ என நான்கு பிரிவாகப் பாடும் பெண்கள், கூடவே ஒரு பியானோ. ஏன் இப்படி?

யாருக்காக எழுதினார்?

அப்போது ஷூபர்ட்டுக்கு வயது 23. வியன்னா இசைப் பள்ளியில் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் அன்னா ஃப்ரோலிஹ். அவருடைய மாணவிகளுக்காகத்தான் இந்தப் பாட்டு பிறந்தது. அதாவது, சர்ச் வழிபாட்டுக்கு அல்ல, வகுப்பறைக்கு. பியானோ வந்ததும் பெண் குரல்கள் மட்டும் இருப்பதும் அதனால்தான்.

வரிகள் யாருடையவை?

ஜெர்மன் மொழியில் மார்ட்டின் லூத்தரின் மொழிபெயர்ப்பு ஏற்கெனவே பிரபலம். ஷூபர்ட் எடுத்துக்கொண்டதோ யூதத் தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சனின் மொழிபெயர்ப்பை. இவர் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் தாத்தா. எபிரேயக் கவிதை, யூத அறிஞரின் ஜெர்மன், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவரின் இசை என மூன்றும் ஒரே பாட்டில் சேர்ந்துவிட்டன.

பியானோவுக்கு என்ன வேலை?

சும்மா பின்னணி வாசிப்பது மட்டும் இல்லை. வழக்கமான கோரஸில் ஆண்களின் பேஸ் குரல்தான் கட்டடத்துக்கு அஸ்திவாரம் மாதிரி. இங்கே அது கிடையாது. அந்தக் குறையை பியானோ வாசிப்பவரின் இடது கை நிரப்புகிறது. குரல்கள் நீளமான சுரங்களில் நிதானமாக நகரும்போது, பியானோ கீழே ஓடை மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. பாட்டு மெதுவாகப் போனாலும் தேங்கி நிற்காமல் இருப்பது இதனால்தான்.

எந்த இடத்தைக் கவனிக்கணும்?

மரண நிழல் படிந்த பள்ளத்தாக்கில் நடப்பதாக வரும் வரி. அதுவரை மேஜரில் இதமாகப் போன இசை, இங்கே மைனர் பக்கம் சாய்ந்து இருட்டாகிறது. துணைக்கு நீ இருக்கிறாய் என்ற நம்பிக்கை வரும்போது மறுபடி வெளிச்சம். பயத்தைக் காட்ட ஷூபர்ட் மேளதாளம் எதையும் கொண்டுவரவில்லை. அதே நான்கு குரல்கள், அதே பியானோ. சுர அடுக்குகளை மாற்றியே காட்டிவிடுகிறார்.

அப்புறம் என்ன ஆச்சு?

1828-ல், 31 வயதில் ஷூபர்ட் இறந்துபோனார். இந்தப் பாட்டு அச்சில் வந்தது 1832-ல்தான். மாணவிகளுக்காக எழுதியது இன்று உலகமெங்கும் கோரஸ் குழுக்கள் விரும்பிப் பாடும் பாட்டு.

கேட்க ஐந்து நிமிடம் போதும். ஹெட்போனில் முதல் தடவை குரல்களை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை பியானோவின் இடது கையை மட்டும் பின்தொடருங்கள். அந்த நான்கு குரல்களும் எதன் மேல் நிற்கின்றன என்பது காதுக்கே புரிந்துவிடும்.