கண்ணுக்குள் அரிவாள்!

1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அரிவாள்போல வளையக்கூடிய சிவப்பணுக்கள் சிலரிடம் இருந்தன! அது பரம்பரைக் கோளாறு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோயாகிவிடும்.

வளைந்த அணு விறைத்துப்போய், மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கும். கண்ணுக்குள் விழித்திரையின் ஓரத்தில் அடைத்தால், பட்டினி கிடக்கும் அந்த இடத்தருகே புதுக் குழாய்கள் விசிறிபோல முளைக்கும். பார்க்கத்தான் விசிறி, படு சோப்ளாங்கி! எளிதில் கசியும். ரத்தம் பரவினால் பார்வை மங்கும். திரையே பிய்ந்துவிடுவதும் உண்டு.

அதுவரை கண்ணில் வலி இராது. பார்வையும் தெளிவாகவே இருக்கும். அதுதான் ஆபத்து! ஆகவே, இந்நோயுள்ள குழந்தைகளுக்கு 10 வயதிலிருந்தே, ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை, சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரியவைத்து டாக்டர் உள்ளே பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் லேசர் ஒளியால் அந்தக் குழாய்களை வாடச் செய்யலாம்.