காற்று மிகுந்தாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து!
பழைய ராணுவ லாரியைக் காக்கும் "கவர்னர்"

பத்துச் சக்கரங்கள். சுமை ஏற்றாத வண்டியின் எடையே ஏறக்குறைய 6 டன். இவ்வளவு பெரிய லாரி மலைச் சாலையில் இறங்குகிறது. அதைப் பிடித்து நிறுத்த உதவுவது எது? காற்று!

அந்தக் காற்றுக்குக் காவல் யார்? கைக்குள் அடங்கும் ஒரு சின்னஞ்சிறு கருவி. அதன் பெயர் கவர்னர். இவர் மாநிலத்துக் கவர்னர் அல்ல. காற்றை ஆளும் கவர்னர்!

அந்த லாரியின் பெயர் "எம்.35". அமெரிக்க ராணுவத்துக்காக 1950-ம் ஆண்டில் ரியோ கம்பெனி இதைச் செய்யத் தொடங்கியது. கரடுமுரடான தரையில் இரண்டரை டன் சுமக்கும். வியட்நாம் போரில் உணவும் குண்டும் ஏற்றிச் சென்றது. பிறகு ராணுவம் கழித்த வண்டிகளை அமெரிக்காவில் விவசாயிகளும் பழைய வண்டிப் பிரியர்களும் வாங்கினார்கள். கிராமத்துத் தீயணைப்புப் படைகளுக்கும் பல போய்ச் சேர்ந்தன. இன்றும் அவற்றில் பல ஓடுகின்றன.

"போதும்" என்று சொல்லும் கருவி

காற்றைக் கொண்டு பிரேக் போடலாம் என்று காட்டியவர் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1869-ம் ஆண்டில் ரெயிலுக்காக அந்த முறைக்கு உரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 22!

எம்.35 லாரியில் என்ஜின் ஓடினால் கம்ப்ரஸரும் ஓடும். அது சைக்கிள் பம்பைப் போலக் காற்றை இழுத்து, அழுத்தி, இரும்புத் தொட்டியில் அடைக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்ததும், பிரேக் எண்ணெயைத் தள்ள இந்தக் காற்று துணைக்கு வரும். ஹாரனும், கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கும் வைப்பரும்கூடக் காற்றில்தான் இயங்கும்.

தொட்டியில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 120 ராத்தல் அழுத்தம் சேர்ந்ததும், கவர்னர் ஒரு சிறு குழாய் வழியே கம்ப்ரஸருக்குக் காற்றை அனுப்பும். "போதும்" என்பதற்கு அதுவே அடையாளம். உடனே கம்ப்ரஸரின் வால்வு திறந்தபடியே நிற்கும். கம்ப்ரஸர் சும்மா மூச்சு வாங்கி மூச்சு விடும். அழுத்தம் இறங்கியதும் கவர்னர் பிடியை விடும். மறுபடியும் காற்று ஏறும்.

இரண்டு விபரீதங்கள்

கவர்னர் "போதும்" என்று சொல்ல மறந்தால் என்ன ஆகும்? அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில், குக்கரில் ஆவி சீறுவதுபோல், தொட்டியின் பாதுகாப்பு வால்வு சீறும். அந்த வால்வும் துருப்பிடித்து இறுகியிருந்தால் தொட்டிக்கே ஆபத்து.

முன்னதாகவே "போதும்" என்று சொல்லிவிட்டால்? காற்று பாதியில் நின்றுவிடும். எச்சரிக்கை ஒலி அலறும். பிரேக் மிதி கல்லாக இறுகும். டிரைவர் முழுப் பலத்தோடு மிதித்தாலும் லாரி வெகுதூரம் ஓடித்தான் நிற்கும்.

குற்றவாளி யார்?

கோளாறு கண்டதும் பலர் கம்ப்ரஸரையே மாற்றிவிடுகிறார்கள். பணம் போகிறது, கோளாறு போவதில்லை! செலவில்லாத சோதனைகளை முதலில் செய்ய வேண்டும்.

முதலில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. பிறகு, அழுத்தம் காட்டும் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும். நல்ல மீட்டர் ஒன்றைப் பொருத்தினால் உண்மை தெரியும்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். என்ஜினை நிறுத்திவிட்டுக் குழாய் மூட்டுகளில் தடவ வேண்டும். குமிழி வந்தால் அங்கே காற்று ஒழுகுகிறது.

மூன்றாவது, தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். அந்த ஈரமும் துருவும்தான் கவர்னரின் சிறு துவாரங்களை அடைக்கின்றன.

பிறகுதான் கவர்னரின் முறை. காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே எந்தக் குழாயையும் கழற்றலாம். கவர்னரிலிருந்து கம்ப்ரஸருக்குப் போகும் சிறு குழாயில் ஒரு மீட்டரை இணைத்து என்ஜினை ஓட்ட வேண்டும்.

தொட்டியில் 120 தாண்டியும் சிறு குழாயில் காற்று வரவில்லையா? கவர்னரோ, அதற்குக் காற்று கொண்டுவரும் குழாயோ பழுது. காற்று வந்தும் அழுத்தம் ஏறுகிறதா? கவர்னர் நிரபராதி! கம்ப்ரஸரின் வால்வுதான் சிக்கியிருக்கிறது. 70 ராத்தலிலேயே சிறு குழாயில் காற்று வந்துவிட்டால் கவர்னரே குற்றவாளி. அதைக் கழற்றித் துடைத்து, தேய்ந்த ரப்பர் வளையங்களை மாற்றி, திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரி செய்யலாம்.

வேலை முடிந்ததும் லாரியை நிறுத்திய இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். முள் இறங்கி, மறுபடி ஏறி, 120-க்கு அருகில் நிற்க வேண்டும். மூன்று முறை அப்படி நின்றால்தான் வண்டி சாலைக்குப் போகலாம். பிரேக்கைச் சோதிக்கும் இடம் கொட்டகை. மலை இறக்கம் அல்ல!