குரல் சரியில்லையா, சுருதி சரியில்லையா?

மீலாத் விழாக் காலம் நெருங்கினால் கந்தளாயில் மட்டுமல்ல, நம்மவர் வாழும் எல்லா ஊர்களிலும் பிள்ளைகளுக்குக் கஸீதாப் பயிற்சி தொடங்கிவிடும். முதல் அடிகள் நன்றாகவே போகும். பாட்டு மேலே ஏறியதும் நாலைந்து பிள்ளைகளின் குரல் கீச்சிடும். "உனக்குக் குரல் சரியில்லை, நீ பின்னால் நில்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளை அதன் பிறகு வாய் திறந்து பாடுவதே இல்லை.

சகோதரிகளே, குறை பெரும்பாலும் பிள்ளையின் தொண்டையில் இல்லை. பாட்டை எந்தச் சுருதியில் தொடங்கினோம் என்பதில்தான் இருக்கிறது.

சுருதி என்பது என்ன? ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, மெல்லிய கம்பியொன்றை இறுக்கிக் கட்டுங்கள். தட்டினால் ஓர் ஒலி வரும். அதை 'ஸ' என்று வைத்துக் கொள்வோம். கம்பியைச் சரிபாதியில் அழுத்தித் தட்டுங்கள். அதே 'ஸ' மேலே கேட்கும். இந்த இடைவெளிக்கு ஒரு ஸ்தாயி என்று பெயர். கம்பியின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் அதிரும்படி அழுத்தினால் 'ப' பிறக்கும். நாலில் மூன்று பங்கு அதிர்ந்தால் 'ம'.

ஆக, ஸ்வரம் என்பது கணக்கு. செக்கனுக்கு 440 தடவை அதிரும் ஒலியை 'ஸ' என்று கொண்டால் 'ப' 660 ஆகும். தொடக்கத்தை 330க்கு இறக்கினால் 'ப' 495 ஆகும். இரண்டிலும் ஒன்றுக்கு ஒன்றரை என்ற விகிதம் மாறவில்லை. அதனால் மெட்டும் மாறாது. முழுப் பாட்டையும் கீழே இறக்கிப் பாடினாலும் அது அதே பாட்டுத்தான்.

இந்தக் கணக்கு நமக்குப் புதியதன்று. 950இல் மறைந்த அல் ஃபாராபி இசையின் இலக்கணத்தைப் பெருநூலாகவே எழுதினார். 1037இல் மறைந்த இப்னு ஸீனா, தம் 'அஷ் ஷிஃபா' நூலின் கணிதப் பகுதியில் எண்கணிதம், கேத்திரகணிதம், வானியல் ஆகியவற்றோடு இசையையும் சேர்த்தார். பக்தாதில் வாழ்ந்து 1294இல் மறைந்த ஸஃபியுத்தீன் அல் உர்மவி ஒரு ஸ்தாயியைப் பதினேழாகப் பகுத்துக் காட்டினார். இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. இங்கே சொல்வதெல்லாம் குரலைப் பற்றியது.

இனி, பயிற்சிக்கு வருவோம். சிறு பிள்ளைகள் சிரமமின்றிப் பாடக்கூடியது ஏறத்தாழ ஒரு ஸ்தாயிதான். ஆகவே பாட்டின் முதல் அடியிலிருந்து தொடங்க வேண்டாம். அதில் மிக உயர்ந்து செல்லும் அடி எது என்று பாருங்கள். குழுவிலேயே சிறிய பிள்ளையை அந்த அடியைப் பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பு புடைக்காமல், முகம் சுளிக்காமல் எந்த உயரத்தில் பாடுகிறதோ, அங்கிருந்து கணக்கிட்டு முதல் அடிக்கு இறங்கி வாருங்கள். அதுவே உங்கள் குழுவின் சுருதி. ஒவ்வொரு நாளும் அதையே முதலில் எல்லோரும் சேர்ந்து முனகிவிட்டுத் தொடங்குங்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எட்டிய ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும். அது நோயன்று. அவர்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். மேல் 'ஸ'வும் கீழ் 'ஸ'வும் ஒன்றோடொன்று பொருந்துவதால் பாட்டுக் கெடாது.

வெவ்வேறு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் இசைந்து ஒலிப்பதையே மேலைத்தேயத்தார் ஹார்மனி என்கிறார்கள். ஸ, க, ப மூன்றும் நாலு, ஐந்து, ஆறு என்ற விகிதத்தில் சேரும்போது காதுக்கு இனிக்கிறது. அடுத்தடுத்துள்ள இரு ஸ்வரங்கள் மிக நெருங்கி ஒலித்தால் உரசுகின்றன. பழந்தமிழர் ஸ்வரங்களின் இந்த உறவுகளை இணை, கிளை, நட்பு, பகை என்று பெயரிட்டு அழைத்தார்கள். குடும்பத்தில் வழங்கும் சொற்களே இசையிலும் வழங்கின!

இதையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கருவி எதுவும் வேண்டாம். பாதிப் பிள்ளைகள் 'ஸ'வை மட்டும் மெதுவாக முனகிக் கொண்டிருக்க, மற்றவர்கள் பாடட்டும். மேலே ஏற முடியாத பிள்ளைக்கு இந்த ஆதார ஒலியைக் கொடுங்கள். பாடுகிறவர்கள் சுருதி விலகாமல் இருப்பதற்கு அந்தப் பிள்ளைதான் துணை. பின்னால் நிறுத்தப்பட்ட பிள்ளை, இப்போது பாட்டைத் தாங்குகிற பிள்ளையாகிவிடும்.

குரல் அல்லாஹ் தந்த அருட்கொடை. அதை வருத்தாமல் பயன்படுத்தக் கற்றுக் கொடுப்பது நம் கடமை. இந்த வருடக் கஸீதாவை இரண்டு படி இறக்கித் தொடங்கிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், எல்லாப் பிள்ளைகளும் பாடுவார்கள்.