செம்மண் மேட்டு மழையும் சிவகங்கைத் தீர்த்தமும்

தஞ்சைப் பெருவுடையாரைத் தரிசித்து வரும் அன்பர்கள், கோயிலை ஒட்டி அமைந்த சிவகங்கைக் குளத்தையும் கண்டிருப்பீர்கள். அதன் நடுவே சிறியதொரு சிவாலயம் உண்டு. அப்பர் பெருமான் தேவாரத்தில் பெயர் சுட்டிய வைப்புத்தலங்களுள் ஒன்றான தஞ்சைத் தளிக்குளம் இதுவே என்பது ஆன்றோர் கருத்து.

இத்தீர்த்தத்திற்கு நீர் எங்கிருந்து வந்தது? காவிரியிலிருந்து என்றே பலரும் எண்ணுவர். ஆனால், கோயிலருகே இன்று ஓடும் புதாறு, மேட்டூர் அணை எழுந்த 1934-ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பட்ட கால்வாய். குளமோ அதற்குப் பன்னூறு ஆண்டுகள் மூத்தது.

விடை நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. இருவகை நிலங்கள் கூடும் விளிம்பில் நிற்பது தஞ்சை. வடக்கிலும் கிழக்கிலும் காவிரியின் கிளையாறுகள் படியவைத்த வண்டல்; தென்மேற்கே வல்லம் வரை செம்புறாங்கல் மேடு. பன்னெடுங்காலம் மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்க, கரையக்கூடியவை கரைந்தோட, இரும்புச் சத்து எஞ்சி இறுகியதே செம்புறாங்கல். முன்னோர் அணிந்த தஞ்சாவூர் மூக்குக்கண்ணாடிக்குப் படிகக்கல் தந்ததும் இந்த வல்லத்து நிலமே.

இம்மேட்டில் பெய்யும் மழை, சரிவைப் பற்றிப் பள்ளம் நோக்கி ஓடிவரும். அதனைத் தேக்கிவைத்தது நகருக்கு மேற்கே இருந்த சேவப்ப நாயக்கன் ஏரி. பதினாறாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய சேவப்ப நாயக்கரின் பெயரால் வழங்குவது அது. வண்டியும் மண்ணும் ஏரியிலேயே அடங்க, தெளிந்த நீர் ஜலசூத்திரம் எனப்பெறும் நிலத்தடிக் கால்வாய் வழியே சிவகங்கையை அடைந்தது. அங்கிருந்து ஐயன்குளம், சாமந்தான்குளம் முதலியவற்றிற்கும் சென்றது. இறைக்க ஏற்றமும் வேண்டியதில்லை. நிலத்தின் சரிவே நீரை நடத்தியது.

இன்று அவ்வேரிப் பரப்பில் வீடுகள் நிறைந்துள்ளன. சேவப்பநாயக்கன்வாரி என்னும் பெயர் மட்டும் பழைய நீர்நிலையை நினைவூட்டுகிறது. வரத்து நின்றால் தீர்த்தமும் வற்றும். எனினும், மண்மூடிக் கிடந்த ஐயன்குளத்து நீர்வழி அண்மையில் கண்டறியப்பட்டுச் சீர்செய்யப்பட்டது நமக்கு நம்பிக்கை தருகிறது.

நம் ஊர்க் கோயில் குளத்திற்கும் இத்தகைய ஒரு வழி இருந்திருக்கும். அது எங்கே தொடங்கி, எந்தத் தெருவின் கீழே வந்தது என்பதை அறிந்தவர்கள் இன்று முதியோராகிய நாமே. அடுத்த முறை பேரக்குழந்தைகளுடன் கோயிலுக்குச் செல்லும்போது, அந்த வழியையும் காட்டி வைப்போம். தீர்த்தத்தின் வழியைக் காப்பதும் சிவத்தொண்டே.