எல்லைப்புறக் குழந்தையின் இருமொழியமும் எழுத்தறிவும்: விஜயபுரம் பகுதியை முன்வைத்து

1. முன்னுரை

இருமொழியம் என்பதற்கு மொழியியலார் ஒரே வரையறையைத் தரவில்லை. இரு மொழிகளையும் தாய்மொழியாளருக்கு நிகராகக் கையாளும் ஆற்றலே இருமொழியம் எனப் புளூம்ஃபீல்டு 1933-இல் கருதினார். இரு மொழிகளை மாறிமாறிப் பயன்படுத்தும் வழக்கமே இருமொழியம் என வைன்ரைக் 1953-இல் வரையறுத்தார். முன்னது திறனின் அளவைச் சுட்டுகிறது. பின்னது பயன்பாட்டைச் சுட்டுகிறது. ஆந்திரப் பிரதேசத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நகரிக்கு அருகில் அமைந்துள்ள விஜயபுரம் போன்ற பகுதிகளின் மொழிநிலையை விளக்க வைன்ரைக்கின் வரையறையே பொருந்துகிறது. இங்குத் தமிழும் தெலுங்கும் அன்றாட வாழ்வில் அருகருகே வழங்குகின்றன. ஆயின் பேச்சில் இரு மொழியும் பெற்ற குழந்தை, எழுத்தில் ஒரு மொழியை மட்டுமே பெறும் நிலை எளிதில் உருவாகிறது. இவ்வேறுபாடு ஏன் தோன்றுகிறது என்பதையும் கல்வி அதனை எவ்வாறு நிரப்ப இயலும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. எல்லையும் மொழிச் சிறுபான்மையும்

சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி அதற்கு முன் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களில் அடங்கியிருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. எல்லைச் சிக்கலை ஆராய்ந்த படாஸ்கரின் பரிந்துரைகளை அடியொற்றி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்தோடும், செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திரத்தோடும் இணைந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

மாநில எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் மக்களின் மொழி எல்லை ஒரு கோடாக அமையவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளில் தமிழ் பேசுவோரும், திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளில் தெலுங்கு பேசுவோரும் தத்தம் மாநிலங்களில் மொழிச் சிறுபான்மையினராயினர். ஆகவே இங்குக் கூறப்படும் கல்விச் சிக்கல் எல்லையின் இருபுறத்திற்கும் பொதுவானதாகும்.

3. இருமொழியம் உருவாகும் முறை

இருமொழியம் இரு வழிகளில் உருவாகிறது. பிறந்தது முதல் இரு மொழிகளையும் கேட்டு வளரும் குழந்தை அவற்றை ஒருசேரப் பெறுகிறது. ஒரு மொழி ஓரளவு நிலைபெற்ற பின்னர் மற்றொன்றைப் பெறுவது அடுத்தடுத்த இருமொழியம் எனப்படும். கலப்பு மணக் குடும்பங்களில் முதல் வகையும், வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் வழங்கும் சூழலில் இரண்டாம் வகையும் அமைகின்றன.

எந்த மொழியை எங்குப் பயன்படுத்துவது என்பதைக் களங்கள் தீர்மானிக்கின்றன என ஃபிஷ்மன் விளக்கியுள்ளார். வீடு, உறவினர் தொடர்பு ஆகியவை ஒரு களம். சந்தை, அரசு அலுவலகம் ஆகியவை வேறு களங்கள். நகரியின் விசைத்தறித் தொழிலும், அரக்கோணத்திலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாக ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையும், திருப்பதிக்கு வரும் அடியார் கூட்டமும் இரு மொழியினரை நாள்தோறும் ஒன்றுசேர்க்கின்றன. இக்களங்களில் குழந்தை எவர் கற்பித்தலும் இன்றியே இரண்டாம் மொழியைப் பெறுகிறது.

இந்நிலை புதியதன்று. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்துள்ளன. அதே தலத்தில்தான் 15-ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் தெலுங்கில் கீர்த்தனைகளைப் பாடினார்.

4. பேச்சுத்திறனும் கல்வித்திறனும்

சூழலிலிருந்து பெறும் மொழித்திறன் பள்ளிக் கல்விக்குப் போதுமானதா என்பது அடுத்த வினா. அன்றாட உரையாடல் திறனையும், பாடப்பொருளை உணர்ந்து எழுதும் கல்வித்திறனையும் கம்மின்ஸ் 1979-இல் வேறுபடுத்திக் காட்டினார். முன்னது சூழலின் துணையோடு விரைவில் வருவது. பின்னது பல ஆண்டுப் பயிற்சியை வேண்டுவது. தெருவில் தெலுங்கில் தடையின்றிப் பேசும் தமிழ்க் குழந்தை, தெலுங்குப் பாடநூலில் திணறும்போது ஆசிரியர் அதனை அறிவுக் குறையாகக் கருதிவிடும் வாய்ப்பு உண்டு. இங்குக் குறைவது அறிவன்று. கல்வி மொழிப் பயிற்சியே.

தமிழில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் பெரிதும் வேறுபடுகின்றன. ஃபெர்கூசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்குநிலை தமிழுக்கு நன்கு பொருந்துவது. தெலுங்கில் கிடுகு ராமமூர்த்தி முன்னின்று நடத்திய பேச்சுவழக்கு இயக்கத்தின் பயனாக இவ்விடைவெளி குறைந்துள்ளது. எனினும் பாடநூல் தெலுங்கு கடலோர மாவட்டங்களின் கற்றோர் வழக்கை ஒட்டியது. சித்தூர்ப் பேச்சுத் தெலுங்கு அதனின்றும் வேறுபட்டது. எனவே விஜயபுரத்துக் குழந்தை எதிர்கொள்வன இரு மொழிகள் அல்ல, குறைந்தது நான்கு வழக்குகள் எனலாம். ஆங்கிலம் அவற்றோடு ஐந்தாவதாகச் சேர்கிறது.

5. எழுத்தறிவின் இடமாற்றம்

ஒரு மொழியில் பெற்ற கல்வித்திறன் மற்றொரு மொழிக்கும் உதவும் என்பது கம்மின்ஸின் சார்புக் கருதுகோள். தமிழ், தெலுங்கு எழுத்துமுறைகள் இதற்குத் தக்க சான்றுகளாகும். இரண்டிலும் மெய்யோடு அகரம் இயல்பாகச் சேர்ந்து நிற்கிறது. பிற உயிர்களைத் துணைக்குறிகள் காட்டுகின்றன. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இரண்டிலும் உண்டு. இக்கோட்பாட்டை ஒருமுறை உணர்ந்த குழந்தை அடுத்த எழுத்துமுறையில் வடிவங்களை மட்டும் புதிதாகக் கற்றால் போதும்.

வேறுபாடுகளைத் தனியே கற்பிக்க வேண்டும். ‘கல்’, ‘தங்கம்’, ‘அகல்’ என்னும் சொற்களில் ககரம் இடத்திற்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கிறது, எழுத்து ஒன்றே. தெலுங்கில் இவ்வரிசைக்கு நான்கு எழுத்துகள் உள்ளன. ஒலிப்புடைய எழுத்துகளின் ஒலிகளைக் குழந்தை பேச்சில் ஏற்கெனவே அறிந்துள்ளது. மூச்சொலிகள் எளிய தெலுங்குப் பேச்சிலும் பெரும்பாலும் மறைவதால், அவற்றை எழுதக் கற்பதில் உள்ள இடர் தமிழ்க் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. தமிழ் புள்ளியிட்டுக் காட்டும் மெய்ம்மயக்கத்தைத் தெலுங்கு ‘வத்து’ எனும் துணை வடிவத்தால் காட்டுகிறது. தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும் குழந்தைக்கு ழகரமும், ரகர றகர வேறுபாடும், நகர னகர வேறுபாடும் புதியவை.

6. இலக்கணமும் மொழிபெயர்ப்பும்

இரண்டிலும் வினை இறுதியில் வருகிறது. ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு தெலுங்கில் ‘மனம்’, ‘மேமு’ என அமைகிறது. பால்காட்டும் முறையோ வேறு. தமிழில் ‘அவள் வந்தாள்’, ‘அது வந்தது’ என வினைகள் வேறுபடுகின்றன. தெலுங்கில் இரண்டிற்கும் ‘வச்சிந்தி’ என்பதே வினை. பன்மையில் ஆண், பெண் இருபாலார்க்கும் ‘வச்சாரு’ என்றும் அஃறிணைக்கு ‘வச்சாயி’ என்றும் வரும். எழுவாய் மறைந்து நிற்கும் தெலுங்குத் தொடரைத் தமிழாக்குபவர், வந்தவர் யார் என்பதைச் சூழலிலிருந்தே அறிய வேண்டும்.

ஒத்த வடிவமுடைய வடசொற்களும் இடர் தருவன. தமிழில் விரைவைக் குறிக்கும் ‘அவசரம்’ தெலுங்கில் தேவையைக் குறிக்கிறது. பேச்சுத்தமிழில் மனைவியைச் சுட்டும் ‘சம்சாரம்’ தெலுங்கில் இல்லறத்தைச் சுட்டுகிறது. பேச்சில் சூழல் இவற்றைத் தெளிவாக்கிவிடும். எழுத்தில் அத்துணை இல்லை. இரு மொழியும் பேசுவோர் அனைவரும் மொழிபெயர்ப்பாளராகிவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம். இரு மொழிகளிலும் எழுத்தறிவு பெற்றவரே அப்பணிக்கு உரியவராவர்.

7. கல்வியில் இருமொழியத்தின் இடம்

தாய்மொழியே தொடக்கக் கல்விக்கு உகந்தது என யுனெஸ்கோ 1953-இல் அறிவுறுத்தியது. இந்தியாவில் 1949-இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர் மாநாடு, பள்ளியில் 40 மாணவரோ வகுப்பில் 10 மாணவரோ இருப்பின் அவர்தம் தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும் எனத் தீர்மானித்தது. 1956-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்வதை மாநிலங்களின் கடமையாகக் கூறுகிறது. சித்தூர் மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் நெடுங்காலம் இயங்கி வந்துள்ளன.

ஆயினும் எண்ணிக்கையைச் சார்ந்த பாதுகாப்பு நிலையற்றது. உயர்கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றை எண்ணிப் பெற்றோர் பிள்ளைகளைத் தெலுங்கு அல்லது ஆங்கில வழியில் சேர்க்கின்றனர். மாணவர் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் நிலைப்பதில்லை; ஆசிரியர் இல்லாத பள்ளியில் மாணவர் சேர்வதில்லை. எல்லைக்கு இப்பால், 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்கீழ்த் தமிழைக் கட்டாயமாகக் கற்கும் தெலுங்குக் குழந்தைக்கும் தன் வீட்டுமொழி எழுத்தறிவு பற்றிய இதே வினா எழுகிறது.

புதிய மொழி முதல்மொழியோடு கூடிச் சேர்வதை ஆக்க இருமொழியம் என்றும், முதல்மொழியை விலக்கி அதன் இடத்தைக் கொள்வதைக் கழிவு இருமொழியம் என்றும் லாம்பெர்ட் பிரித்தார். தாய்மொழி பயிற்றுமொழியாக நீடிக்க இயலாத பள்ளியிலும் அது ஒரு பாடமாக நீடிக்க இயலும். முதலிரு வகுப்புகளில் வீட்டுமொழியில் எழுத்தறிவு அளித்து, பின்னர் இரு எழுத்துமுறைகளின் ஒற்றுமை வேற்றுமைகளைச் சுட்டி மாநில மொழிக்கு இட்டுச்செல்வது ஆக்க இருமொழியத்திற்கு வழிவகுக்கும். இரு மொழியும் அறிந்த உள்ளூர் ஆசிரியரும் இருமொழிச் சொற்கோவையும் இதற்குத் தேவை. கூடுதல் பாடவேளை சிறிதளவே வேண்டப்படும்.

பேச்சுமொழி வீட்டில் தொடர்ந்து வாழக்கூடும். எழுத்தறிவு பள்ளியின்றி அவ்வாறு தொடர்வது அரிது. பெற்றோர் எழுதிய கடிதத்தைப் பிள்ளைகள் படிக்க இயலாத நிலை ஒரே தலைமுறையில் நேர்ந்துவிடும். சூழல் தானாகவே வழங்கிய இருமொழித்திறனை எழுத்தறிவாக வளர்ப்பதே எல்லைப்புறப் பள்ளியின் முதற்கடமை எனலாம்.