இன்ஜினுக்கும் மூச்சு விட வழி வேண்டும்!

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



குக்கரின் விசில் துளை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நம் அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். கார் இன்ஜினுக்கும் அப்படி ஒரு மூச்சுத் துளை உண்டு. அதைக் கவனிக்காததால், நன்றாக இருக்கும் இன்ஜினைக்கூட 'போர் வேலை'க்கு இறக்கிவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டுக்கு நமக்கெல்லாம் தெரிந்த அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1957-ல் தொடங்கிய இதன் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றுபோனது. ஆனாலும் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் கல்யாணம் என்றால் பூ சுற்றிய அம்பாசடரை இன்றும் பார்க்கலாம். பழைய பெட்ரோல் வண்டிகளில் இருப்பது 1489 சி.சி. இன்ஜின். இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த 'பி' வகை.

ரேஸ் ஏன் ஏறுகிறது?

ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே வண்டி 1500 சுற்றில் 'ஙொய்' என்று கத்தினால், உடனே ஐடிலிங் ஸ்குரூவைத் திருப்புவார்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

இன்ஜின் 800 சுற்றில் ஓடுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1489 சி.சி. உறிஞ்சும். நிமிடத்துக்கு 400 முறை, அதாவது சுமார் 600 லிட்டர். ஆனால் த்ராட்டில் மூடியிருப்பதால் மேனிபோல்டுக்குள் அழுத்தம் வெளியே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, உண்மையில் போவது சுமார் 200 லிட்டர் வெளிக்காற்று. இப்போது மேனிபோல்டில் வெறும் 3 மி.மீ. ஓட்டை ஒன்று விழுந்தால், அதன் வழியே நிமிடத்துக்கு 50 லிட்டருக்கு மேல் காற்று புகுந்துவிடும். கால் பங்கு!

இந்தக் காற்று கார்புரேட்டர் வழியாக வரவில்லை. அதனால் அதற்குரிய பெட்ரோலும் கலப்பதில்லை. இன்ஜின் குதித்துக் குதித்து ஓடும். அதைச் சரிக்கட்ட மிக்சரைக் கூட்டினால் ரேஸ் ஏறும், பெட்ரோலும் வீணாகும்.

கிராங்க் கேஸின் மூச்சு

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். இதுதான் 'ப்ளோ-பை'. இதில் பெட்ரோல் ஆவி, கார்பன் மோனாக்சைடு, நீராவி எல்லாம் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதில் ஒரு சிறு பங்கு ஆயிலில் கலந்தாலே போதும், ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படியும்.

அந்தக் காலத்து வண்டிகளில் இந்த வாயு ஒரு குழாய் வழியே ரோட்டைப் பார்த்து வெளியேறும். வண்டி ஓடும்போது அடிக்கிற காற்று அதை உறிஞ்சும். வண்டி நின்றால் உறிஞ்சலும் இல்லை. ஊர்க் காற்றும் கெட்டது. எனவே 1961 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பி.சி.வி. வால்வு வந்தது. இது கிராங்க் கேஸ் வாயுவை மேனிபோல்டுக்கே திருப்பி அனுப்பி எரிக்கிறது. ஐடிலிங்கில் வாக்குவம் பலமாக இருப்பதால் வால்வு இழுபட்டு வழி குறுகும். ரேஸ் கொடுத்தால் வாக்குவம் குறையும், ஸ்பிரிங் தள்ளும், வழி பெரிதாகும். எளிமையான ஏற்பாடு. ஆனால் கரி பிடித்து வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், அதுவே மேலே சொன்ன ஓட்டை!

ஒரு வண்டியின் கதை

எங்கள் மாமா ஒருவர் பழைய அம்பாசடர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். அதில் முன்பு யாரோ வேறு வண்டியின் பி.சி.வி. வால்வைப் பொருத்தியிருந்தார்கள். ரேஸ் ஏறியதும் ஒரு பட்டறையில் அந்த ஓசுக்குள் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிட்டார்கள். ஐடிலிங் இறங்கியது, மாமாவுக்கும் சந்தோஷம்.

பத்தே நாளில் பின்பக்கம் ஆயில் ஒழுகி, கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. காரணம் என்ன? இந்த இன்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் மரை மட்டும்தான். உள்ளே அழுத்தம் கூடினால் மரையால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆயில் நேராகக் கிளட்ச் பிளேட்டுக்கு! பட்டறையில் "ரிங் போச்சு, போர் பண்ணணும்" என்றார்கள். மாமா அத்தையின் வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். "நம்ம குடும்பத்துல படிக்கிறவன் நீ ஒருத்தன்தான்டா. நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

எங்கள் லேப் சாரிடம் கம்ப்ரஷன் கேஜ் கேட்டு வாங்கிப் போனேன். நான்கு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள்ளேயே இருந்தது. ரிங் நன்றாகவே இருந்தது! போல்ட்டை எடுத்துவிட்டு, இன்ஜின் அளவுக்கு ஏற்ற புது வால்வு போட்டோம். கிளட்ச் பிளேட் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. வளையல் தப்பியது.

சோதிக்கும் முறை

1. இன்ஜினைச் சூடாக்கி, சோக்கை முழுக்கத் தள்ளிவிடுங்கள். சோக் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும் இழுத்துப் பிடிக்காமல் இருக்கின்றனவா பாருங்கள். பல வண்டிகளில் கோளாறு இத்தோடு முடிந்துவிடும்.

2. பி.சி.வி. ஓசை விரலால் அழுத்தி மூடுங்கள். ரேஸ் லேசாக இறங்கினால் சரி. தடாலென்று இறங்கினால் வால்வு அதிகக் காற்று விடுகிறது. மாற்றமே இல்லையென்றால் வால்வோ ஓசோ அடைத்திருக்கிறது.

3. வேறு எங்கே காற்று புகுகிறது என்று அறிய, ஒரு ரப்பர் டியூபைக் காதில் வைத்து மேனிபோல்டு கேஸ்கெட் ஓரமாக நகர்த்துங்கள். 'உஸ்' என்று கேட்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பது தீ விபத்தில் முடியும், வேண்டவே வேண்டாம்.

4. ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? அப்போதும் அவசரப்படாதீர்கள். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். கம்ப்ரஷன் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

5. ஒழுகலை அடைத்த பிறகே ஸ்குரூவைத் தொடுங்கள். எஸ்.யூ. கார்புரேட்டர் என்றால் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். ரேஸ் ஏறி நிலைத்தால் மிக்சர் அதிகம். இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழையபடி இறங்கினால் சரி.

இன்னொரு விஷயம். புகைச் சான்றிதழுக்குப் பெட்ரோல் வண்டியை ஐடிலிங்கில்தான் சோதிக்கிறார்கள். இவ்வகைப் பழைய கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். என்பது வரம்பு. காற்று ஒழுகும் வண்டியில் மிக்சரைக் கூட்டி ஒப்பேற்றினால் அங்கே மாட்டிக்கொள்வோம்.

நண்பர்களே, நாளை நாமும் ஒரு பட்டறையிலோ தொழிற்சாலையிலோ ஸ்பேனர் பிடிக்கப் போகிறவர்கள். நாம் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பித்தான் வண்டிக்காரர் கடன் வாங்குவார். ஆகவே அளந்து பார்த்துவிட்டுச் சொல்வோம். ஓசை அடைக்குமுன் அது எதற்காக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிப்போம்.