ஒரு பெயரில் பல ஆட்டங்கள்: போக்கரும் விவாதமின்றி வந்த தடையும்

புது தில்லி: பணம் கட்டி ஆடும் இணையதள விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதா, 2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதி மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்தார். சீட்டாட்டத்தில் வெல்வது திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்த கேள்வியை இச்சட்டம் ஒரே வரியில் ஒதுக்கி வைத்தது. ஆட்டம் எதைச் சார்ந்திருந்தாலும் சரி, பரிசுப் பணத்தை எதிர்பார்த்து இணையத்தில் பணம் கட்டி ஆடினால் அது தடைக்கு உட்பட்டதே என்பதுதான் அந்த வரியின் பொருள்.

இத்தடையால் அதிகம் பாதிக்கப்பட்ட சீட்டாட்டங்களில் ரம்மிக்கு அடுத்து நிற்பது போக்கர். ஆனால் போக்கர் என்பது ஓர் ஆட்டத்தின் பெயரன்று. ஓர் ஆட்டக் குடும்பத்தின் பெயர். வழக்குகளிலும் சட்டங்களின் அட்டவணைகளிலும் அது ஒற்றைச் சொல்லாகவே வந்து போனது. கற்றுக்கொள்ளப் புகுபவர்களோ முதல் நாளிலேயே "எந்தப் போக்கர்?" என்ற கேள்வியைச் சந்திக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்துக்குப் பொதுவான அடிப்படை எளியது. ஐந்து சீட்டுகள் கொண்ட சேர்க்கைகளில் எது அரியதோ அது பெரியது. 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஐந்தை எடுத்தால் 25,98,960 சேர்க்கைகள் கிடைக்கும். அவற்றில் ஒரு ஜோடி மட்டும் உள்ளவை 10,98,240. தொடர் எண்களாக அமையும் வரிசை 10,200. ஐந்தும் ஒரே இனமாக அமையும் கலர் 5,108. ஒரே எண்ணில் நான்கு சீட்டுகள் சேர்வது வெறும் 624. ஆகவே வரிசையைக் கலர் வெல்லும். கலரை நான்கு ஒரே எண் வெல்லும். எல்லோரையும் விட உயர்ந்த சேர்க்கையைக் காட்டுபவர், அல்லது மற்ற அனைவரையும் விலகச் செய்பவர், நடுவில் குவிந்ததை எடுத்துக்கொள்வார்.

வட இந்தியாவில் தீபாவளி இரவுகளில் ஆடப்படும் தீன் பத்தி, தமிழில் மூன்று சீட்டு எனப்படும் ஆட்டம், இதன் உறவுதான். ஆங்கிலேயரின் 'பிராக்' என்ற ஆட்டத்திலிருந்து வந்தது அது. தலைக்கு மூன்று சீட்டுகள். தன் சீட்டைப் பார்க்காமலேயே பந்தயம் கட்டலாம். பார்த்தவர் அதைப்போல் இரு மடங்கு கட்ட வேண்டும். புதிய சீட்டு எதுவும் வராது, மாற்றவும் முடியாது. ஆடுபவர் தீர்மானிக்க வேண்டியது தொடர்வதா, விலகுவதா என்பதை மட்டுமே.

தீன் பத்தியில் தேறியவர்கள் போக்கர் மேசையில் அமரும்போது முதலில் இடறுவது தர வரிசையில்தான். மூன்று சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 22,100. அவற்றில் வரிசை 720, கலர் 1,096. அதனால் அங்கே கலரை வரிசை வெல்லும். ஐந்து சீட்டுக்கு வரும்போது இது தலைகீழாகிறது. தீன் பத்தி தன் கணக்குக்கும் முழு விசுவாசமாக இல்லை என்பது ஒரு வேடிக்கை. மூன்றும் ஒரே எண்ணாக அமையும் வாய்ப்புகள் 52. ஒரே இனத்தில் வரிசையாக அமைபவை 48. அரியது பின்னதே. ஆயினும் முதலிடம் மூன்று ஒரே எண்ணுக்குத்தான்.

உலகெங்கும் அதிகம் ஆடப்படும் போக்கர் வகை 'டெக்சாஸ் ஹோல்டம்'. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். பின்னர் மேசையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். ஏழிலிருந்து சிறந்த ஐந்தைத் தேர்ந்துகொள்ளலாம். பொதுச் சீட்டுகள் வருமுன் ஒரு முறை, பின்னர் ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு முறை என நான்கு சுற்றுகள் பந்தயம் நடக்கும்.

இந்த நான்கு சுற்றுகளில்தான் கணக்குக்கு வேலை. ஒருவர் கையில் இரண்டு ஹார்ட்டின். முதலில் திறந்த மூன்றில் இரண்டு ஹார்ட்டின் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஒன்று வந்தால் கலர். அவர் காணாத சீட்டுகள் 47. அவற்றில் ஹார்ட்டின் 9. அடுத்த சீட்டிலேயே கலர் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 19 சதவீதம். நடுவில் 800 வில்லைகள் இருக்க, எதிராளி 200 கட்டினால், 1,000-ஐ வெல்ல 200 செலவிட வேண்டும். ஆறில் ஒரு முறை வென்றாலே போதும் என்பதால் தொடர்வது சரி. எதிராளி 800 கட்டியிருந்தாலோ மூன்றில் ஒரு முறை வெல்ல வேண்டும். அடுத்த சீட்டை மட்டும் நம்பினால் விலகுவதே புத்திசாலித்தனம். சீட்டு அதேதான். விலை மாறியதால் முடிவு மாறுகிறது. போக்கரில் திறமை உண்டு என்று வாதிடுபவர்கள் சுட்டுவது இதைத்தான். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

'ஒமாஹா' பார்வைக்கு ஹோல்டம் போன்றதே. ஆனால் கையில் நான்கு சீட்டுகள். அவற்றிலிருந்து இரண்டே இரண்டையும், பொதுச் சீட்டுகளிலிருந்து மூன்றையும் கட்டாயம் எடுத்தாக வேண்டும். மேசையில் நான்கு ஸ்பேட் கிடக்க, கையில் ஒரே ஒரு ஸ்பேட் வைத்திருப்பவருக்கு ஹோல்டமில் கலர் உண்டு, ஒமாஹாவில் இல்லை. புதியவர்கள் பெருமிதத்துடன் சீட்டைக் காட்டிப் பந்தயத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நான்கு சீட்டுகளால் ஒவ்வொருவரிடமும் சேர்க்கைகள் பெருகுவதால், ஹோல்டமில் வெற்றி தேடித் தரும் இரண்டு ஜோடி இங்கே அடிக்கடி தோற்கும்.

பழைய தலைமுறையின் 'ஏழு சீட்டு ஸ்டட்' வகையில் பொதுச் சீட்டே கிடையாது. மூன்று கவிழ்த்தும் நான்கு திறந்தும் தரப்படும். பந்தயச் சுற்றுகள் ஐந்து. எதிராளிகளிடம் திறந்து கிடந்து, அவர்கள் விலகியபின் மறைந்துபோன சீட்டுகளை நினைவில் வைத்திருப்பவருக்கே அதில் மதிப்பு. ஐந்து சீட்டு 'டிரா' ஆட்டத்தில் வேண்டாதவற்றைக் கொடுத்துப் புதியன வாங்கலாம். யார் எத்தனை மாற்றினார் என்பது எதிராளிக்குக் கிடைக்கும் முக்கியத் துப்பு.

இவ்வளவு வேறுபாடுகளில் எதை நீதிமன்றங்கள் கண்டன? 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றின் மீதான வழக்கில் 1967-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்ள வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றது. அதே தீர்ப்பில் மூன்று சீட்டு முற்றிலும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது என்றும் குறிப்பிட்டது. போக்கர் எந்தப் பக்கம் என்பது அன்று எழவில்லை. பின்னர் எழுந்தபோது மாநிலத்துக்கு ஒரு விடை கிடைத்தது. மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றுடன் போக்கரையும் சூதாட்டம் என்ற வரையறைக்கு வெளியே வைத்தது. நாகாலாந்து தன் சட்டத்தில் அதைத் திறமை ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-ல் அது சூதாட்டமே என்றது.

தமிழகம் இந்த இழுபறியில் அதிகம் அலைந்த மாநிலம். இணையதள ரம்மி, போக்கரைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. 2022-ல் சட்டப்பேரவை புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் எனக் குறிக்கப்பட்டிருந்தன. அந்த அட்டவணை செல்லாது என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களுக்கு இந்தப் பாகுபாடு எந்த ஆறுதலும் தரவில்லை.

அதற்கான காரணம் ஆட்டத்தின் கணக்கிலேயே இருக்கிறது. போக்கரில் எதிராளிகள் சக ஆட்டக்காரர்களே. நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் குவியும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சம திறமையுள்ள ஆறு பேர், சராசரி 1,000 ரூபாய் சேரும் 100 ஆட்டங்கள் ஆடுவதாகவும், 5 சதவீதம் கழிவதாகவும் கொண்டால் மேசையை விட்டு 5,000 ரூபாய் போய்விடுகிறது. ஆறு பேரும் சேர்ந்து தோற்ற தொகை அது. திறமையுள்ள சிலர் வெல்வது உண்மையே. அவர்கள் வெல்லும் பணமும் நிறுவனத்தின் பங்கும் மீதிப் பேரிடமிருந்துதான் வந்தாக வேண்டும். "இது திறமை ஆட்டம்" என்ற விளம்பரங்கள் யாரை மேசைக்கு அழைத்தன என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாயை இத்தகைய ஆட்டங்களில் இழப்பதாக மத்திய அரசு மதிப்பிட்டிருந்தது.

இந்த மதிப்பீடு எவ்வாறு எட்டப்பட்டது, அதில் ஒவ்வோர் ஆட்டத்தின் பங்கு எவ்வளவு, 2023 அக்டோபர் முதல் கட்டிய முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வசூலித்துவிட்டு இப்போது தடை செய்வது ஏன், பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருக்க மத்திய சட்டம் செல்லுமா என்றெல்லாம் உறுப்பினர்கள் கேட்டிருக்கலாம். அவையில் எதுவும் கேட்கப்படவில்லை. நிறுவனங்கள் அந்த மாதமே பண ஆட்டங்களை நிறுத்தின. கர்நாடகம், தில்லி, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது. நாடாளுமன்றத்தில் நடக்காத விவாதம் அவ்வாறு நீதிமன்றத்துக்குச் சென்றது.

இச்சட்டத்தின்படி, பணம் நடத்தும் நிறுவனத்துக்கு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இணையத்துக்கு வெளியே கோவாவின் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கப்பல்களிலும் சிக்கிமின் சூதாட்ட விடுதிகளிலும் நடப்பவை அந்தந்த மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டவை.

பணமின்றி ஆடும் இணையதள ஆட்டங்களுக்குத் தடை இல்லை. ஆனால் இலவச வில்லைகளில் கற்பதில் ஒரு குறை உண்டு. இழப்பு இல்லாத மேசையில் யாரும் விலகுவதில்லை. கையில் ஒன்றுமில்லாமலேயே எதிராளியை மிரட்டி விலகச் செய்யும் உத்தியை அங்கே பழகவே முடியாது. அதற்கு ஆட்டக்காரர்கள் கண்டுள்ள வழி போட்டி முறை. எல்லோருக்கும் சம வில்லைகள், தீர்ந்தவர் வெளியேற வேண்டும், மறுபடி வாங்க முடியாது. ஒரு ரூபாயும் கைமாறாமலே வில்லைக்கு மதிப்பு வந்துவிடுகிறது. முதலில் ஹோல்டம், அது கை வந்த பிறகு ஒமாஹா, நினைவாற்றலைச் சோதிக்க ஸ்டட் என்ற வரிசையில் பழகுவது எளிது. தீக்குச்சிகளை வில்லைகளாக வைத்து வீட்டிலேயே ஆடவும் ஒரு சீட்டுக்கட்டு போதும்.